முக்கால் இஞ்ச் என்றால் எந்த முக்கால்? பிளாஸ்டிக் குழாய் வாங்கும் முன்பும் ஒட்டும் முன்பும்

திருநெல்வேலி டவுண் ரத வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய், "முக்கால் இஞ்ச் எல்போ ரெண்டு குடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். விவரமான கடைக்காரர் உடனே எடுத்துத் தர மாட்டார். "சிபிவிசியா, வெள்ளையா, கிரேயா?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்தால், வீட்டுக் குழாய் வேலையில் வரும் தொல்லையில் பாதி குறைந்துவிடும்.

பிளாஸ்டிக் குழாய் சாமானியமாக நடுவில் உடையாது. ஒழுகுவது பெரும்பாலும் இணைப்பில்தான். இணைப்பு ஒழுகுவதற்குக் காரணமும் அநேகமாக ரெண்டுதான்: குழாயும் ஃபிட்டிங்கும் ஒரே இனமாக இல்லாதது, ஒட்டும்போது அவசரப்பட்டது. ரெண்டையும் தவிர்ப்பது எப்படி, கைப்பேசி அதில் எங்கே உதவும், வயலுக்கு மானியம் எப்படிக் கேட்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

ஒரே பெயர், மூன்று அளவு

"முக்கால் இஞ்ச்" என்பது கடையில் வழங்கும் பெயர். ஃபிட்டிங் பொருந்துவதற்குத் தேவைப்படுவது குழாயின் வெளிவிட்டம், அதாவது வெளிப்பக்கத்து அளவு. முக்கால் இஞ்ச் என்று விற்கும் மூன்று குழாய்களை எடுத்துப் பாருங்க:

• விவசாயத்துக்கும் குடிநீர் லைனுக்கும் வரும் யுபிவிசி குழாய் (ஐ.எஸ். 4985): வெளிவிட்டம் 25 மி.மீ.
• வீட்டு வேலைக்கு வரும் வெள்ளை யுபிவிசி குழாய் (ஷெட்யூல் 40, ஷெட்யூல் 80 என்று அச்சிட்டிருக்கும்): 26.7 மி.மீ.
• சுடுதண்ணிக்கு வரும் சந்தன நிற சிபிவிசி குழாய் (ஐ.எஸ். 15778): 22.2 மி.மீ.

சிபிவிசி குழாயை மற்ற ஃபிட்டிங்கில் நுழைத்தால் லொடலொடவென்று ஆடும். தப்பு உடனே தெரிந்துவிடும். ஆபத்து முதல் ரெண்டுக்கும் நடுவில்தான். 25 மி.மீ. குழாயை 26.7 மி.மீ. எல்போவில் விட்டால், வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. "சொலூஷனைக் கொஞ்சம் தாராளமா வச்சா நின்னுரும்" என்று தோணும். அன்றைக்கு நிற்கவும் செய்யும். ஆனால் சொலூஷன் இடைவெளியை அடைக்கும் பசை கிடையாது. ரெண்டு பிளாஸ்டிக் பரப்பையும் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கும் திரவம். பரப்புகள் நெருக்கமாகத் தொட்டால்தான் அது வேலை செய்யும். இடைவெளியில் நிரம்பி நிற்கும் சொலூஷன், மோட்டார் பத்துத் தடவை ஓடி நின்றதும் விட்டுக் கொடுத்துவிடும். அதற்குள் சுவரைப் பூசி டைல்ஸும் ஒட்டியிருப்பார்கள்.

அதனால் பழைய குழாயில் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால், குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்க. எழுத்து அழிந்திருந்தால், வெட்டிய துண்டு ஒன்றைக் கையோடு கொண்டு போங்க. "முக்கால்" என்ற வார்த்தையை மட்டும் கொண்டு போகாதீங்க.

எந்த இடத்துக்கு எந்தக் குழாய்?

மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் லைன், தொட்டியிலிருந்து இறங்கும் பச்சைத்தண்ணி லைன்: யுபிவிசி. இது சுமார் 45 டிகிரி சூடு வரைக்கும்தான். கீசர் தண்ணியை இதில் விட்டால் இளகி வளைந்துவிடும்.

கீசரில் இருந்து வரும் சுடுதண்ணி: சிபிவிசி. அதற்கும் ஒரு விதி உண்டு. கீசரின் வாயிலேயே பிளாஸ்டிக்கை நேராக முறுக்கக் கூடாது. நடுவில் உலோக நிப்பிளோ, பின்னல் ஹோஸோ வர வேண்டும்.

கழிவறை, குளியலறைக் கழிவுநீர்: எஸ்.டபிள்யூ.ஆர். குழாய் (ஐ.எஸ். 13592). இதிலேயே 'டைப் ஏ' மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும். 'டைப் பி' கழிவுக்கு. இது அழுத்தம் தாங்குவதற்காகச் செய்தது இல்லை. மிச்சம் கிடக்கிறதே என்று மோட்டார் லைனில் போட்டுவிடாதீங்க.

தெரு மெயினிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பு: பல ஊர்களில் இது நீலக்கோடு போட்ட கருப்பு எச்.டி.பி.இ. குழாய். இதற்குச் சொலூஷன் ஒட்டவே ஒட்டாது. முறுக்கி இறுக்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங், அல்லது சூடுபண்ணிச் சேர்ப்பது, ரெண்டே வழிதான். தெரு மெயினைத் தொடும் வேலையை மாநகராட்சியின் அனுமதியோடுதான் செய்ய வேண்டும்.

கரண்ட் வயர் போகும் பைப்: பார்வைக்குக் குடிநீர்க் குழாய் மாதிரியே இருக்கும், விலையும் குறைவு. தண்ணிக்கு இதை எடுக்கவே கூடாது.

குழாயில் அச்சிட்டிருக்கும் 'கிலோ' எதற்கு?

ஐ.எஸ். 4985 குழாயில் 2.5, 4, 6, 8, 10, 12.5 என்று அழுத்த அளவு இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்பதுதான் அது. கடையில் "நாலு கிலோ பைப்", "ஆறு கிலோ பைப்" என்பார்கள். எடையோடு இதற்குச் சம்பந்தம் கிடையாது.

கணக்கு சுலபம். தண்ணி 10 மீட்டர் உயரம் நின்றால், அடியில் சுமார் 1 கிலோ அழுத்தம். மாடி வீட்டுத் தொட்டியின் மட்டம் கீழ்க்குழாயிலிருந்து 10 மீட்டர் என்றால் வருவது 1 கிலோதான். ஆனால் கிணற்று மோட்டாரின் தகட்டில் 'ஹெட் 40 மீட்டர்' என்று போட்டிருந்தால், 4 கிலோ அழுத்தம் வரும். வால்வை மூடி வைத்துக்கொண்டு மோட்டாரைப் போட்டால் அதற்கும் மேலே போகும். ஓடும் தண்ணியைச் சட்டென்று நிறுத்தினால் குழாயில் 'டம்' என்று ஒரு அடி விழுமே, அதையும் சேர்க்கணும். ஆகவே இந்த மோட்டாருக்கு 4 கிலோ பைப் கட்டாது. 6 கிலோவாவது வேணும்.

இன்னொன்று, நம்ம ஊர் வெயில். குழாய் சூடாக ஆக அது தாங்கும் அழுத்தம் குறையும், நீளமும் கூடும். 6 மீட்டர் யுபிவிசி குழாய் 20 டிகிரி சூடு ஏறினால் 7 முதல் 9 மி.மீ. வரை நீளும். அதனால் மொட்டைமாடியில் ஓடும் குழாயைக் கிளாம்ப் போட்டு நெரிக்காமல், நகர இடம் விட்டுப் பிடிக்கணும். வெயில் நேராகப் படும் இடத்தில், தண்ணீரில் கலக்கும் வெள்ளைப் பெயிண்ட் ஒரு கோட் அடித்தால் ஆயுள் கூடும்.

வாங்கும்போது கைப்பேசியை எடுங்க

ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட குழாயில் மூன்று விவரம் இருக்கும்: முத்திரைக்கு மேல் ஐ.எஸ். எண், நடுவில் முத்திரை, கீழே 'சி.எம்./எல்' என்று தொடங்கும் உரிம எண். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உரிமத்தைச் சரிபார்க்கும் பகுதிக்குப் போய், அந்த எண்ணைப் போடுங்க. எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று திரையில் வரும். குழாயில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால், அந்தக் குழாயை அங்கேயே வைத்துவிடுங்க.

குழாயோடு நிறுத்தாதீங்க. ஒட்டும் வகை பிவிசி ஃபிட்டிங்குக்கு ஐ.எஸ். 7834, யுபிவிசி சொலூஷனுக்கு ஐ.எஸ். 14182 என்று தனித்தனித் தரம் இருக்கிறது. நல்ல குழாய் வாங்கிவிட்டு, பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க முத்திரையில்லாத எல்போவை வாங்கினால், ஒழுகப்போவது அந்த எல்போதான். குடிக்கும் தண்ணி ஓடும் குழாய் என்பதால் இன்னொரு காரணமும் உண்டு. பிவிசி குழாயில் ஈயம் கலந்த நிலைப்படுத்திகளைப் படிப்படியாக நிறுத்த மத்திய அரசு 2021-ல் தனி விதிகளே கொண்டுவந்தது. முத்திரையில்லாத மலிவுக் குழாயில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

பில் கட்டாயம் வாங்குங்க. அதையும் படம் எடுத்து வைங்க.

ஒட்டும் வேலை, படிப்படியாக

1. வெட்டுவது: ஆக்சா பிளேடால் நேராக வெட்டணும். சாய்ந்து வெட்டினால் ஒரு பக்கம் முழுசாக உட்காரும், மறுபக்கம் பாதிதான் உட்காரும்.

2. சீவுவது: வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறை உள்ளேயும் வெளியேயும் சுரண்டி எடுத்து, வெளி விளிம்பை லேசாகச் சரித்துவிடுங்க. பிசிறு இருந்தால் சொலூஷனை வழித்துத் தள்ளிவிடும்.

3. வெறுமனே பொருத்திப் பார்ப்பது: சொலூஷன் போடாமல் குழாயை ஃபிட்டிங்குக்குள் தள்ளுங்க. மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ரெண்டு பங்கு வரை போய் இறுகி நிற்கணும். எந்தப் பிடிமானமும் இல்லாமல் கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனால், இனம் மாறியிருக்கிறது. எவ்வளவு ஆழம் உள்ளே போகணும் என்று மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்க.

4. துடைப்பது: ஈரம், மண், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. பழைய லைனை வெட்டிச் சேர்க்கும்போது தண்ணி கசிந்துகொண்டே இருக்கும். முழுசாக வடியவிட்டு, துணியால் துடைத்து, காய்ந்த பிறகுதான் சொலூஷன்.

5. தடவுவது: ஃபிட்டிங்கின் உள்ளே மெல்லிசாக, குழாயின் வெளியே கோடு வரை சீராக. யுபிவிசிக்கு யுபிவிசி சொலூஷன், சிபிவிசிக்கு அதற்குரிய சொலூஷன். உள்ளே அள்ளிப் பூசினால் அது குழாய்க்குள் வழிந்து தேங்கும். அந்த இடத்தில் குழாயின் சுவரே இளகிவிடும்.

6. தள்ளுவது: காயும் முன்பே குழாயைக் கோடு வரை தள்ளி, கால் சுற்றுத் திருப்பி, 30 விநாடி அழுத்திப் பிடிங்க. உடனே கையை எடுத்தால் குழாய் தானாகப் பின்வாங்கும். சுற்றிலும் வளையம் போலச் சொலூஷன் தெரிந்தால் சரியாகப் பரவியிருக்கிறது. மிச்சத்தைத் துடைத்துவிடுங்க.

7. காத்திருப்பது: சில நிமிஷத்தில் கையாளலாம். ஆனால் முழு அழுத்தத்தில் தண்ணி விட ஒரு நாள் போகட்டும். "சாயந்திரமே மோட்டாரைப் போடணும்" என்ற அவசரத்தில்தான் பல இணைப்பு கெடுகிறது.

டப்பாவுக்குள் ஜெல்லி மாதிரி கெட்டியான சொலூஷனைத் தூக்கிப் போட்டுவிடுங்க; தின்னரோ பெட்ரோலோ ஊற்றிக் கரைக்காதீங்க. சொலூஷன் சட்டென்று தீப்பிடிக்கும். ஒட்டும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது. மூடிய குளியலறையில் கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து வேலை பாருங்க. புது லைனில் முதலில் வரும் தண்ணியைக் குடிக்காமல் நன்றாக ஓடவிட்டுக் கழுவுங்க.

குழாய் முனையைத் தீயில் வாட்டி, அகலப்படுத்தி, ஃபிட்டிங் இல்லாமலே இன்னொரு குழாயைச் செருகும் வழக்கம் ஒன்று உண்டு. வாட்டிய இடத்தில் சுவர் மெலிந்து போகும், அளவும் சீராக இருக்காது. ஒரு சாக்கெட்டின் விலைக்காக இதைச் செய்ய வேண்டாம்.

பழைய இரும்புக் குழாயோடு சேர்க்கும்போது

டவுணில் பழைய வீடுகளில் இரும்புக் குழாய் இன்னமும் இருக்கும். அதன் ஒரு பகுதியை மட்டும் பிளாஸ்டிக்காக மாற்றும்போது மரை இணைப்பு வரும். இரும்பின் ஆண் மரையைப் பிளாஸ்டிக்கின் பெண் மரைக்குள் முறுக்கினால், ஆப்பு அடித்த மாதிரி பிளாஸ்டிக் பிளந்துவிடும். உள்ளே பித்தளை மரை வைத்த ஃபிட்டிங் கேட்டு வாங்குங்க. டேப் மாட்டும் இடத்திலும் பித்தளை எல்போதான் நிற்கும்.

டெஃப்லான் டேப்பை, மரை முறுக்கும் திசையிலேயே நாலைந்து சுற்றுச் சுற்றுங்க. முதலில் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் ஒரு சுற்று போதும். இரும்புக் குழாய்க்குப் போடும் சணலும் பெயிண்டும் பிளாஸ்டிக் மரைக்கு வேண்டாம்.

சுவரைப் பூசுவதற்கு முன்பு எல்லா வாயையும் அடைத்து, லைன் முழுக்கத் தண்ணி நிரப்பி, அழுத்தம் கொடுத்து, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பாருங்க. அப்படியே டேப் அளவை வைத்துச் சுவரைப் படம் எடுத்துக்கொள்ளுங்க. அஞ்சு வருஷம் கழித்து டிரில் போடும்போது அந்தப் படம் உங்கள் குழாயைக் காப்பாற்றும்.

சொட்டுத்தானே என்று விட்டால்

பொதிகையில் புறப்படும் தாமிரபரணித் தண்ணி, ஆற்றுப் படுகைக் கிணறுகளிலிருந்து ஏற்றப்பட்டு, மேல்நிலைத் தொட்டிக்குப் போய்த்தான் உங்கள் தெருவுக்கு வருகிறது. ஒழுகும் இணைப்புக்குக் கீழே ஒரு லிட்டர் சொம்பை வைங்க. பத்து நிமிஷத்தில் நிரம்பினால், ஒரு நாளைக்கு 144 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குத் தர வேண்டும் என்று வைத்திருக்கும் அளவே 135 லிட்டர்தான். உங்கள் வீட்டு ஒழுகல் ஒரு ஆளின் தண்ணியைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

அதைவிடப் பெரிய விஷயம் சுகாதாரம். தண்ணி விடும் நேரத்தில் ஓட்டை வழியாக வெளியே ஒழுகும். தண்ணி நின்றதும், குழாய் காலியாகும்போது அதே ஓட்டை வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கும். வாறுகாலை ஒட்டிப் போகும் குழாயில் வெளியே இருப்பது என்ன என்று உங்களுக்கே தெரியும். மாநகராட்சி இணைப்பில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுவது விதிமீறல் மட்டுமில்லை. அது இந்த இழுப்பை இன்னும் கூட்டும். பாதிக்கப்படுவது தெருவே. வீட்டுக்குத் தனித் தரைத்தொட்டி வைத்து, அதிலிருந்து மாடிக்கு ஏற்றுங்க.

வயலுக்கு வந்தால்

தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லுக்கு மடை திறந்துவிட்டால் போதும். கிணறு, போர் நம்பி வாழை, காய்கறி வைப்பவர்களுக்குக் குழாய்தான் கால்வாய்.

ஒரு ஏக்கரில் 6 அடிக்கு 6 அடி வாழை வைத்தால் 1,210 கன்று. கன்றுக்கு மணிக்கு 8 லிட்டர் சொட்டினால், மணிக்கு 9,680 லிட்டர், அதாவது விநாடிக்கு சுமார் 2.7 லிட்டர். இதை 63 மி.மீ. குழாயில் விட்டால், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நிதானமாகப் போகும். காசு மிச்சம் என்று 40 மி.மீ. போட்டால் வேகம் ரெண்டரை மீட்டராகிவிடும். அழுத்தமெல்லாம் குழாயிலேயே உரசித் தீர்ந்து, கடைசி வரிசைக் கன்று காயும். வேகம் ஒன்றரை மீட்டரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மெல்லிய குழாய்தான் கையில் இருக்கிறது என்றால், வயலை ரெண்டு மூன்று பகுதியாகப் பிரித்து, வால்வு வைத்து மாற்றி மாற்றி விடுங்க.

பிரதானக் குழாயை ஏர் படாத ஆழத்தில், ரெண்டு மூன்று அடிக்குக் கீழே புதைங்க. குழாய்க்கு அடியிலும் மேலும் கல்லில்லாத மண் வேணும். பக்கவாட்டுக் குழாய்க்குத் துளை போடும்போது, ரப்பர் கிரமெட்டுக்குச் சொன்ன அளவு டிரில் பிட்டையே பயன்படுத்துங்க. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைத்தால் ஓட்டை கோணலாகி, கிரமெட் பிதுங்கி வரும். ஃபில்டர் இல்லாமல் சொட்டுநீர் போடவே வேண்டாம். மணல் வரும் போருக்கு, மணல் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனும் சேர்த்து வேணும். பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடியை அவ்வப்போது திறந்து, கலங்கல் போகும் வரை ஓடவிடுங்க.

மானியம் எப்படிக் கேட்பது?

தமிழ்நாட்டில் நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. அரசு நிர்ணயித்த அலகுத் தொகைக்கு உட்பட்டது இது. ரெண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, அஞ்சு ஏக்கர் வரை சிறு விவசாயி.

தயாராக வைக்க வேண்டியவை: சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல், புகைப்படம், சிறு குறு விவசாயி சான்று. சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். 'உழவன்' செயலி வழியாகவோ, துறையின் நுண்ணீர்ப் பாசன இணையதளத்திலோ பதிவு செய்யலாம். வாழை, காய்கறிக்கு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்க. அரசு அங்கீகரித்த நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான். பதிக்கும் நாளில் வயலில் இருந்து, குழாயின் முத்திரையையும் அளவையும் நீங்களே பாருங்க. மானியத்தில் வந்தாலும் அது உங்கள் குழாய்.

யாரிடம் சொல்வது?

• முத்திரை போலி என்று சந்தேகமா? 'பி.ஐ.எஸ். கேர்' செயலியின் புகார்ப் பகுதி.
• மட்டமான பொருள், பில் தர மறுப்பு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
• தெருக் குழாய் உடைப்பு, கலங்கல் தண்ணி: உங்கள் மண்டல அலுவலகம். பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி மையம் 1100.
• விவசாயச் சந்தேகம்: கிசான் அழைப்பு மையம் 1800-180-1551.

புகார் சொல்லும்போது பில், குழாயின் எழுத்து, ஒழுகும் இடம் மூன்றுக்கும் படம் இருந்தால் வேலை சுளுவாகும். அடுத்த தடவை ப்ளம்பர் வரும்போது, சொலூஷன் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க: "அண்ணாச்சி, முதல்ல சும்மா செருகிப் பாத்துருங்க."